வேறு மருந்து ஏதும் இல்லை என்றேன்

காய்ச்சல் விட்டுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்ட அன்றுதான் என் மனைவியின் உடம்பு மோசமானது. நான்கு நாள் நூற்று மூன்று, நூற்று நான்கு என்று கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் குளிர்ந்திருந்தது. "பாத்தியா, எறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு, கம்பெனி வேனைப் பிடிப்பதற்காகச் சட்டையை மாட்டினேன். அவள் கட்டில் ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, கை காலெல்லாம் சில்லுனு இருக்குதுங்க. எந்திரிச்சா தல சுத்துது."

வாய் கொப்பளித்துத் துப்பியதில் ரத்தம் இருந்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகு யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

வியட்நாமில் சைகோனுக்கு நாங்கள் வந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் திருப்பூர்க்காரன். சாயப்பட்டறையில் வேலை பழகி, நகரத்துக்கு வெளியே பின் யுவோங் என்ற பகுதியில் ஒரு துணி ஆலைக்குச் சாயப்பிரிவு மேலாளராக வந்தவன். வீடு நகரத்துக்குள், பதினோராம் மாடியில். மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி ஈரோட்டில் பதினான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்து, அதை விட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

வந்த ஆறாவது மாதத்தில் அவள் காலையில் எழுந்திருப்பதை நிறுத்தினாள். திடீரென்று இல்லை. முதலில் குளிப்பது மதியமானது. பிறகு குளிக்காத நாட்கள் வந்தன. சமைத்தால் உப்பு இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தரம் இருக்கும். "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலைங்க" என்றாள். "அப்பறம் ஏன் இப்படி இருக்கற?" என்றால், "தெரியலைங்க" என்று அழுதாள். ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால் அதைச் சரிசெய்ய நான் ஓடியிருப்பேன். சாயத் தொழில்காரன் நான், துணியில் திட்டு விழுந்தால் தண்ணீரா, உப்பா, சூடா என்று ஒன்றொன்றாகப் பார்த்துப் பழக்கப்பட்டவன். காரணமே இல்லாத துக்கம் எனக்குப் புரியவில்லை. புரியாததால் கோபம் வந்தது.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது மகள்தான் அவளைக் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நான் கீழே காரிலேயே உட்கார்ந்திருந்தேன். யாராவது சொந்தக்காரர் அந்த மருத்துவரின் பெயர்ப்பலகைக்கு அடியில் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று இருந்தது. பராக்ஸெட்டின் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். தினமும் ஒன்று. இரண்டு மாதத்தில் அவள் எழுந்துவிட்டாள். வீட்டிலிருந்தபடியே ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அடுத்த அறையிலிருந்து "சைன் ஸ்கொயர் பிளஸ் காஸ் ஸ்கொயர் எவ்வளவு கண்ணு?" என்று அவள் குரல் கேட்கும்போது எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும். ஆனால் அந்த மாத்திரையைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. என் அம்மாவிடம்கூட. அம்மா கேட்டால் 'சத்து மாத்திரை' என்பேன்.

ஒரு வருடம் கழித்து, "நல்லாத்தான இருக்கற, இன்னும் எதுக்கு அதைய முழுங்கிட்டு? நிறுத்திப் பாரேன்" என்றேன். எனக்காக நிறுத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். ஐந்தாம் நாள் மகள் போனில் என்னைத் திட்டித் தீர்த்தாள். மாத்திரையை மறுபடி தொடங்கிய இரண்டே நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. இதை நான் கண்ணால் பார்த்தவன். இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

அவள் ரத்தம் துப்பிய அன்று, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு நகரின் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் எங்களைச் சுற்றி நூறு மோட்டார் பைக்குகள் வந்து நின்றன. இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. எனக்கு வியட்நாமிய மொழி ஆலைக்குள் செல்லும் அளவுக்குத்தான் தெரியும்: 'சூடு', 'கருப்பு', 'நிறுத்து', 'மறுபடி போடு'. ஆகவே எங்கள் சாயப்பிரிவு ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண்ணை அழைத்தேன். முப்பது வயது இருக்கும். நல்ல ஆங்கிலம் பேசுவாள். என்னை 'ஆன்' என்று கூப்பிடுவாள். அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். பின் யுவோங்கிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னோடு உள்ளே ஓடினாள்.

அவசரப் பிரிவில் ஒரு மருத்துவர் நின்றபடியே தாளில் குறித்துக்கொண்டார். வயது. எத்தனையாம் நாள் காய்ச்சல். சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா. அந்தப் பெண் அவர் கேட்பதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்வாள், என் பதிலை அவருக்கு வியட்நாமிய மொழியில் சொல்வாள்.

"ஆன், அக்கா தினமும் சாப்பிடும் மருந்து ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

"வைட்டமின், நாட்டு மருந்து, தூக்க மாத்திரை? எது இருந்தாலும் சொல்லச் சொல்கிறார்."

என் மனைவி சக்கரக் கட்டிலில் கண் மூடிக் கிடந்தாள். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். என் கீழ் வேலை செய்பவள். நாளைக்கு ஆய்வகத்தில் இதைச் சொல்லுவாள், நாளன்றைக்கு ஆலை முழுக்கத் தெரியும் என்று ஒரு கணம் ஓடியது. அந்த எண்ணத்தைவிட, மூன்று வருடமாக மறைத்து மறைத்துப் பழகிய பதில் வேகமாக வாயில் வந்துவிட்டது.

"வேறு மருந்து ஏதும் இல்லை."

"கொங் கோ" என்றாள் அவள் மருத்துவரிடம். 'இல்லை' என்று அர்த்தம். அவர் தாளில் ஒரு கோடு போட்டார்.

அன்று மாலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்துவிட்டது. பிளேட்லெட் மிகவும் இறங்கிவிட்டது. மறுநாள் அவளால் மூச்சுவிட முடியாமல் போனதும் தொண்டைக்குள் குழாய் செருகி, இயந்திரத்தில் வைத்து, மயக்கத்தில் ஆழ்த்தினார்கள்.

உள்ளே போய்ப் பார்க்க ஒரு நாளைக்கு ஒரு முறைதான் அனுமதி, மதியத்தில், அதுவும் சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் வெளி நடையில், அந்த நீளத் தாழ்வாரத்தில், காத்திருக்க வேண்டும். நோயாளிகளின் வீட்டார் அங்கே பாய் விரித்து, மடக்கு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்க்கும் சோற்று டப்பாவுமாகக் குடியிருந்தார்கள். சுவரில் ஒரு ஒலிபெருக்கி. நோயாளியின் பெயரைச் சொல்லி 'வீட்டார் வரவும்' என்று அதில் அழைப்பார்கள். டயப்பர் வாங்கிவரச் சொல்லவும் அதே குரல்தான்; இறந்துவிட்டார் என்று சொல்லவும் அதே குரல்தான். அது கரகரக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நிற்போம். என் மனைவியின் பெயரை அவர்கள் உச்சரிக்கும் விதம் எனக்கே பிடிபடாததால், எந்தப் பெயர் வந்தாலும் நான் கதவு வரை ஓடினேன்.

என்னால் உட்கார முடியவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த ஒரு வயதான அம்மா இரண்டு மூன்று தடவை பாயைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன், ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டேன். நடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தொண்ணூற்றெட்டு அடி. மாடிப்படி இறங்கி வாசலுக்குப் போவேன், கடையில் காபி வாங்குவேன், பாதி குடித்ததும் உள்ளே கூப்பிட்டிருப்பார்களோ என்று டம்ளரை வைத்துவிட்டு ஓடுவேன். ஆலையிலிருந்து கருநீல ஷேடு ஒத்துவரவில்லை என்று போன் வரும். வாய் பதில் சொல்லும், கால் நடந்துகொண்டே இருக்கும்.

குழாய் செருகிய மூன்றாம் நாள் மூச்சு தேவலை என்று மயக்க மருந்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அன்று மதியம் நான் உள்ளே போனபோது இரண்டு நர்ஸுகள் அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு முழுக்க நடுங்கியது. நெற்றியிலிருந்து வேர்வை காதுக்குள் வழிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கூரையில் எதையோ துரத்தியது. கை குழாயைப் பிடுங்கப் போனது. துணிப்பட்டையால் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள்.

"கண்ணு, நான்தான். நான் இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

மயக்கத்தை மறுபடி கூட்டினார்கள். அடுத்த நாள் காலை குறைத்தார்கள். அதே நடுக்கம், அதே வேர்வை, அதே திமிறல். பிளேட்லெட் அவ்வளவு குறைந்திருக்கும்போது தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்று மருத்துவருக்குச் சந்தேகம். அவளை இயந்திரத்தோடும் குழாய்களோடும் தள்ளிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனார்கள். லிஃப்டுக்குள் போகும்போது ஒரு நர்ஸ் கையால் மூச்சுப் பையை அமுக்கி அமுக்கி அவளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அமுக்கலுக்கு ஏற்ப நானும் மூச்சு விட்டேன் என்பது லிஃப்டின் கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது.

அந்த வேர்வையையும் நடுக்கத்தையும் நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. நேற்றே தோன்றியது. 'அது வேறு, இது டெங்கு' என்று தள்ளிவிட்டேன். ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் என் கால் இன்னும் வேகமானது.

ஸ்கேன் முடிவு வர நேரமாகும் என்றார்கள். நடையில் நிற்க முடியாமல் கீழே இறங்கி, பைக் டாக்ஸி ஒன்றில் ஏறி, நகரின் நடுப்பகுதிக்குப் போனேன். செட்டிநாட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டிய தண்டாயுதபாணி கோயில் அங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை. கும்பிட வந்தவர்களில் பாதிப் பேர் வியட்நாமியர்கள். ஊதுவத்தியை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பிரகாரத்தில் சுற்ற ஆரம்பித்தேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. என்ன வேண்டுவது என்றும் தெரியவில்லை. அப்போதுதான் மகள் அழைத்தாள். விசாவுக்காக அலைந்துகொண்டிருந்தாள், குரல் கரகரவென்று இருந்தது.

"ப்பா, அம்மா கண்ணு முழிச்சாங்களா?"

"முழிச்சா கண்ணு. ஆனா ஒரே நடுக்கம். வேர்த்து ஊத்துது. கையக் கட்டி வெச்சிருக்கறாங்க."

சந்தடியிலிருந்து அவள் ஓரமாக ஒதுங்குவது கேட்டது.

"ப்பா. அம்மாவோட மாத்திரைய டாக்டர்கிட்டச் சொன்னீங்கதான?"

நான் நின்றேன். என் பின்னால் வந்தவர் என்மேல் இடித்துக்கொண்டார்.

"ப்பா?"

"இல்ல அம்மிணி. சொல்லல."

"அஞ்சு நாளாச்சுங்ப்பா!"

"தெரியுது."

"யாரு என்ன நெனைப்பாங்கன்னுதான?" அவள் அழுதுகொண்டே கத்தினாள். "அங்க உங்கள யாருக்குங்ப்பா தெரியும்? இப்பவே போங்க. போனக் கட் பண்ணாம போங்க."

செருப்பு போட மறந்துவிட்டேன். பாதி வழியில் பைக் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் வெறுங்காலைப் பார்த்தேன். முதலில் வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டேன். அவள் தலையணைப் பக்கத்து இழுப்பறையில், கணக்குக் குறிப்பேட்டுக்கு அடியில் இருந்தது. அட்டையின் பின்புறம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரே பேனாவால் கிழமை எழுதியிருந்தாள். காய்ச்சல் கொதித்த நாட்களிலும் தவறவில்லை. கடைசியாக எழுதியிருந்தது ஞாயிறு. திங்கள் காலையில்தான் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தேன்.

நடையில் அந்த ஆய்வகப் பெண் எனக்காகக் காத்திருந்தாள். தினமும் மதிய நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவாள். ஸ்கேனில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தாள்.

"உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று அட்டையை நீட்டினேன். "இதை மூன்று வருடமாகச் சாப்பிடுகிறாள். மனச்சோர்வுக்கு."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆய்வகத்தில் நான் எத்தனை சத்தம் போட்டாலும் சிரித்துக்கொண்டே 'சரி ஆன்' என்பவள் அவள். அன்று சிரிக்கவில்லை.

"நான் உங்களிடம் இரண்டு தடவை கேட்டேன்."

"ஆமாம்."

"இல்லை என்று மருத்துவரிடம் சொன்னது நான். என் வாயால் சொன்னேன். தப்பாக மொழிபெயர்த்துவிட்டேனோ, எதையாவது விட்டுவிட்டேனோ என்று இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை, ஆன். நான் உங்களை நம்பித்தான் பேசுகிறேன்."

"மன்னித்துவிடு."

"என்னிடம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கதவின் மணியை அவளே அடித்தாள்.

மருத்துவர் வெளியே வந்தார். ஐம்பது வயதுக்காரர், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அந்தப் பெண் எதையும் மென்று முழுங்காமல், அட்டையைக் காட்டி நேராகச் சொன்னாள். சுற்றிலும் பாய்களில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை மில்லிகிராம், எத்தனை வருடம், கடைசி மாத்திரை எப்போது, முன்னால் எப்போதாவது நிறுத்தியதுண்டா என்று கேட்டார். நிறுத்தியபோது நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் மொழிபெயர்க்கும்போது ஒரு தரம் நிறுத்தி என்னைப் பார்த்தாள், பிறகு தொடர்ந்தாள்.

அவர் யாரோ ஒரு மனநல மருத்துவருடன் போனில் பேசிவிட்டு வந்தார். அவர் சொன்னதை அந்தப் பெண் எனக்கு இப்படிச் சொன்னாள்:

"இந்த மருந்து திடீரென்று நின்றால் இப்படி நடுக்கம் வரலாம். ஆனால் கடுமையான நோயாலும் வரலாம், மயக்க மருந்தைக் குறைப்பதாலும் வரலாம். எது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொன்று, இதே மருந்துக்கு ரத்தம் உறைவதைக் கெடுக்கும் குணமும் உண்டு. அக்காவுக்கு ரத்தக்கசிவு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் நாளே தெரிந்திருந்தாலும் சில நாள் நிறுத்தித்தான் வைத்திருப்பாராம்."

நான் அவசரமாக, "அப்படியென்றால் நான் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்குமா?" என்று கேட்டேன். எவ்வளவு அவசரம் என்றால் அவள் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே மறுபடி கேட்டேன்.

மருத்துவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினார்.

"மருந்து நின்றிருக்கும்" என்றாள் அவள். "ஆனால் நடுங்கும்போது ஏன் என்று யோசிக்க அவர்களுக்கு ஒரு வழி இருந்திருக்கும். ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொண்டு போயிருப்பார்கள் என்கிறார்."

பிளேட்லெட் ஏறும் வரை பொறுப்பது என்று முடிவு செய்தார்கள். அதுவரை நடுக்கத்துக்கு வேறு மருந்து கொடுத்துச் சமாளித்தார்கள். சனிக்கிழமை எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஞாயிறு காலை மருந்தைப் பொடி செய்து, தண்ணீரில் கலக்கி, மூக்குக் குழாய் வழியாகப் பாதி அளவு கொடுத்தார்கள். மறுநாளும் கொடுத்தார்கள். திங்கள் மதியம் நான் உள்ளே போனபோது கட்டியிருந்த துணி அவிழ்ந்திருந்தது. மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு சிவப்புத் தடம். அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை குழாயை எடுத்தார்கள்.

மாத்திரையால்தான் சரியானாள் என்று மகள் இன்றுவரை சொல்கிறாள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. டெங்குவும் தன் போக்கில் இறங்கும் நேரம் அதுதான் என்றார். எனக்குத் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு உட்காருவதற்கு எனக்கு இன்னும் பழகவில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு அவள் பேசிய முதல் முழுப் பேச்சு கையைக் கட்டியிருந்ததைப் பற்றித்தான். "பரீட்சை ஹால்ல இருக்கற மாதிரி இருந்துச்சுங்க. பிள்ளைங்க பேப்பரத் திருடிட்டேன்னு என்னையக் கட்டிப்போட்டிருக்கறாங்க. நான் திருடலைன்னு சொல்றேன், சத்தம் வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு மணிக்கட்டைத் தடவினாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனது. மகள் வந்து இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்ப்பா" என்று மட்டும் விமான நிலையத்தில் சொன்னாள். மனைவிக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பத்து நிமிடம் நின்றால் கால் ஆடியது. ஒரு காலை அவள் பால்கனியில் வெயிலுக்கு உட்கார்ந்திருக்கும்போது, நான் அறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"என்னங்க அது, கூண்டுல போட்ட மாதிரி? சொல்றத நின்னு சொல்லுங்க."

நின்று சொன்னேன். அவசரப் பிரிவு, தாள், அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டது, நான் சொன்ன பதில், எதையும் விடவில்லை. கோயிலில் நிற்கும்போது மகள் போனில் கத்தியதையும் சொன்னேன். அவள் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். 

"மாத்திரைய மறச்சதுகூடப் பரவால்லைங்க" என்றாள் கடைசியில். "பயந்திருப்பீங்க. ஆனா ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்கல்ல. நான் எந்திரிக்க முடியாம கெடந்தது, அப்பறம் எந்திரிச்சது, தெனமும் அதைய முழுங்கிட்டுப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தது, அத்தனையும் ஒண்ணுமில்லைன்னுட்டீங்க."

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மறுநாளும். மூன்றாம் நாள் "தண்ணி எடுத்துட்டு வாங்க" என்றாள். அதோடு தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டால் அது என் சௌகரியம். தீரவில்லை. சில வாரம் கழித்து ஏதோ ஒரு சின்னச் சண்டையில் அது மறுபடி வந்தது. இப்போதும் எப்போதாவது வருகிறது.

அடுத்த மாதம் அவள் அந்த ஆய்வகப் பெண்ணை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். இட்லியைவிடக் கொத்தமல்லித் துவையல் அந்தப் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி, எனக்கு முன்னாலேயே, அரைகுறை ஆங்கிலத்தில், தனக்கு வந்தது என்ன, எப்படி இருந்தது, எந்த மாத்திரை என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். அடுக்களைக்கு எழுந்து போகப் பார்த்தேன். "உக்காருங்க" என்றாள் மனைவி. உட்கார்ந்தேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு, தன் தங்கைக்கும் பிள்ளை பிறந்த பிறகு அப்படித்தான் இருந்தது, வீட்டில் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை என்றாள். இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆலையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இன்றுவரை என் காதில் விழுந்ததில்லை. அவர்களுக்குத் தெரியாதோ, தெரிந்தும் ஒன்றுமில்லையோ.

உடம்பு தேறிய அளவுக்கு மனசு தேறவில்லை. கட்டிப்போட்டிருப்பது போன்ற கனவு வந்துகொண்டே இருந்தது. காரணமில்லாமல் கதவைத் திறந்து வைக்கச் சொல்வாள். ஐ.சி.யூ.வில் கிடந்து வந்தவர்கள் பலருக்கு இப்படி ஆவதுண்டு என்று இங்கேயே ஒரு மனநல மருத்துவர் சொன்னார். மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். இந்தத் தடவை நான் காரில் உட்காரவில்லை. அவளோடு அறைக்குள் போனேன். ஆனால் அங்கேயும் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. மருத்துவர் என் காலைப் பார்த்து, "நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே மனைவி "இல்லை" என்றாள். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை எனக்கும் அவரிடம் ஒரு மணி நேரம். மாத்திரை இல்லை, பேச்சுதான். முதல் இரண்டு தடவை ஆலையைப் பற்றித்தான் பேசினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனைச் சந்தைக்குத் தனியாகப் போய்வருகிறேன் என்று அவள் பையை எடுத்தாள். சரி என்றேன். லிஃப்ட் மூடியதும் மனசு கேட்காமல் அடுத்த லிஃப்டில் இறங்கிப் பின்னாலேயே போனேன். அவள் மெதுவாக நடந்தாள். நடைபாதையில் ஏறிவந்த ஒரு பைக்குக்கு ஒதுங்கி, சுவரைப் பிடித்து நின்று, மறுபடி நடந்தாள். கீரைக்காரி முன்னால் குந்தி, ராவ் முவோங் கீரைக் கட்டு ஒன்றை எடுத்துத் தண்டை ஒடித்துப் பார்த்தாள். அதன் இலையை நாங்கள் பருப்புப் போட்டுக் கடைவோம். நான் ஒரு மீன் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

திரும்பாமலேயே, "ஏனுங்க, அங்க ஒளிஞ்சு நின்னா மீன்காரன் வெரட்டுவான். அந்தக் காபிக் கடையில போய் உக்காருங்க, வந்தர்றேன்" என்றாள்.

போய், தாழ்வான பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தேன். டம்ளர் மேல் வைத்த வடிகட்டியிலிருந்து காபி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். அவள் கீரைக்காரியிடம் விரலை நீட்டி எதற்கோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தாள். என் மனைவி கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள், இரண்டு அடி நடந்தாள், பின்னாலிருந்து கூப்பிட்டதும் திரும்பிப் போய் வாங்கிக்கொண்டாள்.